எரியாத விளக்கின் கதை

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்த நிகழ்ச்சி இது. என் தாய்மாமன் பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஒரு கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்தை அதில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் புறப்பட்டார். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் எந்திரத்திலிருந்து 'கடகட'வென்று ஓர் ஓசை எழுந்தது. சாலை மோசம், அதனால்தான் என்றார் மாமா. இரண்டு மூன்று நிமிடங்களில் வண்டி ஒரு குலுக்கலுடன் நின்றுவிட்டது. பிறகு எந்திரம் ஒரு சுற்றுக்கூடச் சுழலவில்லை.

வண்டியை லாரியில் கட்டி இழுத்துப் போய் ஒரு பட்டறையில் விட்டோம். எண்ணெய்த் தொட்டியின் அடியிலிருந்த வடிகால் திருகு கழன்று விழுந்து, எண்ணெய் முழுவதும் வழியிலேயே ஒழுகிப் போயிருந்தது. மெக்கானிக் அதோடு விடவில்லை. ஓட்டுநர் முன்னுள்ள கருவிப் பலகையைக் கழற்றிப் பின்புறம் பார்த்தார். "ஐயா, ஆயில் லைட்டுப் பல்பு எப்பவோ பீஸ் போயிருக்கு. சாவியைத் திருப்பினதும் இது எரியுதான்னு நீங்க பாக்கிறதே இல்லையா?" என்று கேட்டார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எரியலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார்.

மாமாவின் கேள்வி நியாயமானதுதான். அபாயம் வந்தால் விளக்கு எரியும். அப்படியானால் எரியாதபோது அபாயம் இல்லை என்றுதானே எவரும் எண்ணுவர்? இந்த ஒரு கேள்வியோடு மோட்டார் காரின் கருவிப் பலகை ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகப் போராடி வருகிறது. அந்தப் போராட்டத்தைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

சேறு தடுத்த பலகை

கருவிப் பலகைக்கு ஆங்கிலத்தில் டாஷ்போர்டு என்று பெயர். இது குதிரை வண்டிக் காலத்துச் சொல். ஓடும் குதிரையின் குளம்புகள் வாரி அடிக்கும் சேறும் கல்லும் வண்டியோட்டியின் மேல் படாமல் தடுக்க முன்புறம் ஒரு பலகை வைத்திருந்தார்கள். குதிரை போய் எந்திரம் வந்த பிறகும் பலகை நின்றுவிட்டது, பெயரும் நின்றுவிட்டது. தொடக்கத்தில் அந்தப் பலகையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு 'மாடல் டி' காரை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, முன் இருக்கையைத் தூக்கி, அதன் கீழுள்ள தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். நம் வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் பார்ப்பது போலத்தான். எந்திர எண்ணெயின் மட்டத்தை அறிவது இன்னும் கடினம். எந்திரத்தின் அடிப்பகுதியில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சிறு குழாய்த் திருகுகள் இருந்தன. வண்டிக்கு அடியில் தவழ்ந்து சென்று திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் மட்டம் அவ்விரண்டிற்கும் இடையில் இருந்தால் போதுமானது. நீரின் வெப்பநிலையை அறியவோ எந்த ஏற்பாடும் இல்லை. ரேடியேட்டரிலிருந்து ஆவி பறந்தால் நீர் கொதிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இந்தக் குறையை முதலில் தீர்த்தவர் ஹாரிசன் பாய்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் 1912இல் காப்புரிமை பெற்ற 'மோட்டோமீட்டர்' ஒரு வெப்பமானியே தவிர வேறில்லை. ரேடியேட்டரின் மூடி அந்நாளில் காரின் மூக்கின் மேல் வெளியே தெரியும். அந்த மூடியில் வெப்பமானியை வட்டமான ஒரு கண்ணாடிக் கூட்டுடன் பொருத்தினார். உள்ளே ஏறும் சிவப்புக் கோட்டை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே காணலாம். அதன் முனை நீருக்குள் மூழ்காமல், நீருக்கு மேலுள்ள ஆவியின் வெப்பத்தை அளந்தது. நீர் குறைந்தாலும் ஆவியின் சூடு தெரியும் என்பதால் இது நல்ல ஏற்பாடு. இதன் அருமை எனக்கு வெகு காலம் விளங்கவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

எண்ணெய்க்கு ஏன் அழுத்தம்?

எந்திரத்தில் எண்ணெய் இருந்தால் போதாதா, அழுத்தம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதற்கு விடை கார்கள் பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1883இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலப் பொறியாளர் இரயில் வண்டி அச்சுகளைத் தாங்கும் பேரிங்குகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுழலும் அச்சின் மேல் பேரிங் அமர்ந்திருந்தது; அச்சின் கீழ்ப்பகுதி எண்ணெயில் நனைந்திருந்தது. எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை இட்டார். ஆனால் அச்சு சுழன்றதும் அத்துளை வழியாக எண்ணெய் உள்ளே போகவில்லை. வெளியே பொங்கி வந்தது! தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரத்தாலான அடைப்பானுக்கும் அதே கதி. கடைசியில் அங்கே ஓர் அழுத்தமானியை இணைத்தார். பேரிங்கின் மீதிருந்த சுமையினால் ஏற்படக்கூடிய சராசரி அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் அது காட்டியது.

இதற்கான கணிதத்தை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்சு வகுத்துத் தந்தார். சுழலும் அச்சு எண்ணெயை ஆப்பு வடிவான இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. குறுகிய இடத்தில் திணிக்கப்படும் எண்ணெயில் அழுத்தம் உண்டாகிறது. அந்த அழுத்தமே அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. அதாவது நன்றாக ஓடும் எந்திரத்தில் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. எண்ணெய்ப் படலத்தின் மீது அச்சு மிதக்கிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும் அந்தப் படலம். எண்ணெய் பம்பின் வேலை அந்த இடைவெளி வறண்டு போகாமல் ஊட்டிக்கொண்டிருப்பதே. ஊட்டம் நின்றால் படலம் உடையும்; உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். இதற்கு மணிக்கணக்கு வேண்டாம். எங்கள் மாமாவின் காருக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் போதுமானதாக இருந்தது.

எனவே எந்திரத்திற்கு எண்ணெய் பம்பு வந்தபோதே பலகைக்கு எண்ணெய் அழுத்தமானியும் வந்தது. 1849இல் பிரான்சு நாட்டு யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய்தான் அதன் உள்ளுறுப்பு. தட்டையான வளைந்த குழாயினுள் அழுத்தம் கூடும்போது அது நிமிர முயலும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். ஊதினால் விரியும் திருவிழாக் காகிதச் சுருள் ஊதலும் இந்த வகையைச் சேர்ந்ததே. இந்த அமைப்பில் எந்திரத்தின் சூடான எண்ணெயே ஒரு மெல்லிய செப்புக் குழாய் வழியாக ஓட்டுநரின் முழங்காலுக்கு மேல் வரை வந்தது. குழாய் கசிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முள் போய் விளக்கு வந்தது

1930களின் நடுவில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் எண்ணெய் அழுத்தமானியையும் மின்னோட்டமானியையும் எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் சிறு சிவப்பு விளக்குகளை வைத்தது. 1950களிலும் 1960களிலும் மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. முக்கிய காரணம் செலவுதான். முள்ளும் அளவுகோலும் கொண்ட கருவியைச் செய்வதைவிட ஒரு பல்பும் ஒரு சுவிட்சும் மிக மலிவு.

எண்ணெய் சுவிட்சின் அமைப்பைப் பாருங்கள். ஒரு மெல்லிய சவ்வு. அதன் ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் ஒரு சுருள்வில். அழுத்தம் இல்லாதபோது வில் சவ்வைத் தள்ளி மின்தொடர்பை ஏற்படுத்துகிறது, விளக்கு எரிகிறது. எண்ணெய் அழுத்தம் வில்லை வென்றதும் தொடர்பு அறுகிறது, விளக்கு அணைகிறது. எட்டாம் வகுப்பு மாணவனும் வரையக்கூடிய மின்சுற்று.

அமெரிக்க ஓட்டுநர்கள் இவ்விளக்குகளுக்கு 'முட்டாள் விளக்கு' என்று பட்டம் சூட்டினார்கள். முள்ளைப் படிக்கத் தெரியாதவனுக்காக வைத்தது என்பது பொருள். இந்த ஏளனத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஓடும் எந்திரத்தில் எண்ணெய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 அல்லது 4 கிலோ இருக்கும். விளக்கோ அழுத்தம் ஏறத்தாழ அரைக் கிலோவுக்குக் கீழே போனால்தான் எரியும். 4 கிலோ இருந்த இடத்தில் ஒன்றரைக் கிலோவாகக் குறைந்து பேரிங் தேய்ந்துகொண்டிருப்பதை முள் மாதக்கணக்கில் முன்கூட்டிக் காட்டும். விளக்கு ஒன்றும் சொல்லாது. அது வாய் திறக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஆயினும் மறுபாதியை நான் ஏற்கவில்லை. சாலையில் கண் வைத்து ஓட்டுபவர் எத்தனை முறை முள்ளைப் பார்ப்பார்? இருளில் திடீரென எரியும் சிவப்பு விளக்கு கண்ணைத் தானே இழுக்கும். மெல்ல இறங்கும் முள் இழுக்காது. முள்ளுக்கு ஒரு வாசகர் வேண்டும். விளக்கு வாசகரைத் தேடி வருகிறது.

விளக்கு ஒன்றே இரண்டு செய்திகளைச் சொல்லிய காரும் உண்டு. 2003இல் மெக்சிகோவில் உற்பத்தி நிற்கும்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் விற்ற ஃபோக்ஸ்வாகன் 'பீட்டில்' அது. பெட்ரோல் அளவைக் காட்டும் முள்கூட 1961 வரை அதில் இல்லை. அதன் எந்திரத்தைக் குளிர்விக்க நீர் கிடையாது, விசிறிக் காற்றுத்தான். டைனமோவின் அச்சிலேயே விசிறி பொருத்தப்பட்டிருந்தது. இரண்டையும் ஒரே பெல்ட் சுழற்றியது. டைனமோ மின்சாரம் தரவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தால், "பாட்டரி இருக்கிறது, வீடுவரை போய்விடலாம்" என்று எண்ணத் தோன்றும். பெல்ட் அறுந்திருந்தாலோ விசிறியும் நின்றிருக்கும். சில கிலோமீட்டருக்குள் எந்திரம் வெந்துவிடும். விளக்கின் பொருள் விளக்கில் எழுதப்படவில்லை. கையேட்டைப் படித்தவருக்கே அது தெரியும்.

இந்த மின்னேற்ற விளக்கின் இயற்பியலும் சுவையானது. அதன் ஒரு முனை பாட்டரியுடனும் மறுமுனை டைனமோவுடனும் இணைந்திருக்கும். டைனமோ நின்றிருந்தால் ஒரு பக்கம் 12 வோல்ட்டு, மறுபக்கம் சுழி. மின்னோட்டம் பாய்ந்து விளக்கு எரியும். டைனமோ சுழன்று இரு முனைகளிலும் மின்னழுத்தம் சமமானதும் விளக்கு அணைந்துவிடும். நம் ஆய்வகத்து வீட்ஸ்டன் சமனச் சுற்றில் கால்வனோமீட்டர் முள் சுழியில் நிற்பது போல. 1960க்குப் பின் டைனமோவின் இடத்தை ஆல்ட்டர்னேட்டர் பிடித்தபோது இவ்விளக்குக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. பல கார்களில் இவ்விளக்கின் வழியாகச் செல்லும் சிறு மின்னோட்டமே ஆல்ட்டர்னேட்டரின் காந்தத்தை முதலில் உயிர்ப்பித்தது. அத்தகைய காரில் பல்பு பழுதானால் மின்னேற்றமே தொடங்காமல் போகக்கூடும். அப்போது பல்பும் எரியாது; பாட்டரியும் சத்தமின்றி வடிந்துகொண்டிருக்கும்.

இங்கே இரயில்வே வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இரயில்களில் சிவப்பு விளக்கு அபாயத்தையும், பச்சை எச்சரிக்கையையும், வெள்ளை 'வழி திறந்திருக்கிறது' என்பதையும் குறித்தன. இதில் ஒரு பெரிய தீங்கு இருந்தது. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளிருக்கும் சுடர் வெள்ளையாகத் தெரியும்! அபாயக் குறி பழுதானால் 'வா' என்று அழைத்தது. இதனால்தான் வெள்ளையை விலக்கிப் பச்சைக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். சமிக்ஞை பழுதானால் அது அபாயத்தின் பக்கமே சாய வேண்டும் என்பதை இரயில்வேக்காரர்கள் அன்றே கற்றுக்கொண்டார்கள். காரின் சிவப்பு விளக்கோ பழுதானால் பாதுகாப்பின் பக்கம் சாய்கிறது. பல்பு போனால், கம்பி அறுந்தால், பலகை இருண்டிருக்கும். இருள் என்றால் நலம் என்று நாம் படிக்கிறோம்.

இதற்கு ஒரு மலிவான மருந்து அந்த எளிய மின்சுற்றுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. சாவியைத் திருப்பி எந்திரத்தை இன்னும் முடுக்காத அந்த நொடியில் எண்ணெய்க்கு அழுத்தம் இல்லை, டைனமோவிலும் மின்னழுத்தம் இல்லை. ஆகவே இரண்டு விளக்குகளும் எரிந்தே தீர வேண்டும். எரிந்து, எந்திரம் ஓடியதும் அணைந்தால்தான் பல்பும் கம்பியும் சுவிட்சும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். பட்டறையில் அந்த மெக்கானிக் மாமாவிடம் கேட்டது இதைத்தான்.

எழுத்துப் போய்ப் படம் வந்தது

தொடக்கத்தில் இவ்விளக்குகளின் மீது சொற்களே எழுதப்பட்டிருந்தன. அமெரிக்கா போன்ற ஒரே மொழி வழங்கும் பெருஞ்சந்தைக்கு அது போதும். ஐரோப்பாவில் காலையில் புறப்பட்ட கார் மாலைக்குள் மூன்று மொழிகளைக் கடந்துவிடும். எழுத்தைச் சுருக்கினாலும் தொல்லைதான். 'சி' என்ற எழுத்து ஆங்கிலேயருக்குக் குளிர்ச்சியைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. பிரெஞ்சுக்காரருக்கும் இத்தாலியருக்கும் அதே எழுத்து வெப்பத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து!

சாலையோரக் குறிகள் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்திருந்தன. 1909இல் பாரிசில் கூடிய ஐரோப்பிய அரசுகள் மேடு, வளைவு, சாலைச் சந்திப்பு, இரயில் கடவு ஆகிய நான்கிற்கும் சொல்லில்லாப் படக் குறிகளை ஏற்றுக்கொண்டன. காருக்குள் அதே முறை வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுத் தர அமைப்பு 1970களில் 2575 என்ற எண்ணுள்ள தரத்தின் வழியே இப்படங்களை வரையறுத்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1977 டிசம்பர் 21ஆம் நாள் இதற்கென்று ஓர் ஆணையை இயற்றியது. பிறகு ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 121ஆம் ஒழுங்குமுறையும், நம் நாட்டில் ஏ.ஐ.எஸ். 071 என்ற தரமும் வந்தன. அமெரிக்கா மட்டும் பிரேக் விளக்கில் இன்றும் சொல்லையே கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. நிறத்திற்கும் பொது விதி ஏற்பட்டது. உடனடி அபாயத்திற்குச் சிவப்பு, கவனம் தேவைப்படுவதற்கு மஞ்சள், இயங்கிக்கொண்டிருப்பதற்குப் பச்சை, முகப்பு விளக்கின் உயர் ஒளிக்கு நீலம். சிவப்பு குறைவாகச் சிதறுவதால் தெரிந்தெடுத்தார்கள் என்று சில நூல்கள் எழுதுகின்றன. மூடுபனியில் ஒரு மைல் தொலைவுக்கு அப்படிச் சொல்லலாம். கை நீளத் தொலைவிலுள்ள பலகைக்கு அந்த விளக்கம் பொருந்தாது. இரயில்வேயிடமிருந்து வந்த வழக்கம் என்பதே சரி.

படங்களைத் தேர்ந்தவர்கள் தங்கள் காலத்துப் பட்டறையிலிருந்தே அவற்றை எடுத்தார்கள். எண்ணெய்க்கு நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குப்பி; மூக்கின் நுனியில் ஒரு துளி. என் வகுப்பில் இந்தப் படத்தை வரைந்து இது என்ன என்று கேட்டேன். அலாவுதீன் விளக்கு என்றனர் பலர். தேநீர்க் கெண்டி என்றார் ஒருவர். கடைசி வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி மட்டும், "சார், எங்க அப்பா தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுறது" என்றார். பட்டறைகளிலிருந்து மறைந்துபோன குப்பி ஒரு தையற்கடையில் உயிரோடு இருந்தது அன்று எங்களுக்குத் தெரிந்தது. பிரேக் விளக்கும் அப்படித்தான். வட்டமும் அதன் இருபுறமும் வில் போன்ற கோடுகளும் உருளைப் பிரேக்கையும் அதன் கட்டைகளையும் குறிக்கும். இன்று கார்களின் முன்சக்கரங்களில் இருப்பது வட்டத்தகட்டுப் பிரேக். படம் மட்டும் மாறவில்லை. குதிரை போன பின்னும் நின்ற டாஷ்போர்டு போல.

பிரேக் விளக்கின் பின்னே நல்லதொரு சிந்தனை உண்டு. 1968 முதல் அமெரிக்கக் கார்களில் பிரேக் எண்ணெய் ஓடும் குழாய்கள் இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒன்று கசிந்தாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். ஆனால் பாதி பிரேக்கில் ஓடுகிறோம் என்பது ஓட்டுநருக்குத் தெரிய வேண்டுமே! அதற்காக இரு சுற்றுகளுக்கும் இடையே ஒரு சிறு பிஸ்டனை வைத்தார்கள். இருபுறமும் அழுத்தம் சமமாக இருக்கும்வரை அது நடுவில் நிற்கும். ஒருபுறம் அழுத்தம் விழுந்தால் அந்தப் பக்கமாக நகர்ந்து மின்சுற்றை மூடும்; சிவப்பு விளக்கு எரியும். பாஸ்கல் விதியை நடத்தும்போது நான் தவறாமல் சொல்லும் எடுத்துக்காட்டு இது.

வெப்பநிலைக்கு வருவோம். மோட்டோமீட்டரின் அருமையைப் பின்னர் சொல்வதாகக் கூறினேன். பிற்காலக் கார்களில் வெப்பம் உணரும் முனை நீருக்குள்ளேயே மூழ்கியிருந்தது. நீர் முழுவதும் ஒழுகிப்போனால் அந்த முனை காற்றில் தொங்கும். எந்திரம் கொதித்துக்கொண்டிருக்கும்; முள்ளோ கீழே இறங்கிக் 'குளிர்ச்சி' என்று காட்டக்கூடும். திடீரென்று தாழும் முள் நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய கார்கள் பலவற்றில் வெப்பமானி முள் உண்மையில் அளவைக் காட்டுவதில்லை. இயல்பான வெப்பநிலைக்கு இருபுறமும் ஒரு பெரிய எல்லைக்குள் அதை நடுவிலேயே நிறுத்திவைக்கிறது மின்னணுக் கணிப்பி. முள் சற்று அசைந்தாலும் வாடிக்கையாளர் பட்டறைக்கு ஓடி வருகிறார் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. முள் வேடம் போட்ட விளக்கு என்று இதைச் சொல்லலாம்.

பலகையில் எல்லாக் குறிகளும் அபாயத்தைச் சொல்பவை அல்ல. பெட்ரோல் பம்புப் படத்தின் அருகே ஒரு சிறு முக்கோணத்தைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் ஊற்றும் மூடி காரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஃபோர்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் மாய்லன் மழையில் தவறான பக்கம் காரை நிறுத்தி நனைந்துவிட்டு, 1986இல் மேலதிகாரிகளுக்கு எழுதிய குறிப்பிலிருந்து பிறந்தது அது. காசு செலவில்லாத கண்டுபிடிப்பு. ஆண்டுகள் பல ஓட்டியும் அறியாதவர்கள் ஏராளம்.

தன்னையே சோதிக்கும் விளக்கு

எந்திரத்தின் வடிவம் கொண்ட மஞ்சள் விளக்கு வேறொரு கவலையிலிருந்து பிறந்தது. எந்திரத்தின் உயிரைவிட ஊரின் காற்றைக் காப்பதே அதன் முதல் நோக்கம். கலிபோர்னியாவின் புகைமூட்டத்திற்குக் கார்ப்புகை காரணம் என்று அறியப்பட்ட பின், 1975 முதல் அமெரிக்கக் கார்களில் புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கிக் கலங்கள் வந்தன. 1976இல் வால்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் உணரி வந்தது. இவை பழுதானால் ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. கார் முன்போலவே ஓடும், காற்று மட்டும் கெடும். ஆகவே உணரிகளைக் கணிப்பி தானே கண்காணித்து, பழுதைப் பதிவு செய்து, விளக்கை ஏற்ற வேண்டும் என்று கலிபோர்னியா 1988 முதல் கட்டாயமாக்கியது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் இதன் இரண்டாம் தலைமுறை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் முதற்கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. இவ்விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பட்டறைக்குப் போனால் போதும். விட்டு விட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் வினையூக்கிக் கலத்திற்குள் போய் அதையே எரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கணிப்பி வந்ததும் மாமாவின் கேள்விக்குப் புதுவிதமான விடை கிடைத்தது. பிரேக் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு, காற்றுப்பை ஆகியவற்றின் விளக்குகள் சாவி திருப்பியதும் சில நொடிகள் எரிந்து, அதற்குள் தம் உறுப்புகளைச் சோதித்து, சரி என்றால் அணைகின்றன. டயர்க் காற்றழுத்த விளக்கு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அமெரிக்காவில் ஃபோர்டு 'எக்ஸ்புளோரர்' வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிரிந்து வண்டிகள் கவிழ்ந்து 250 பேருக்கு மேல் இறந்தனர். அதன் பின் 2000இல் இயற்றிய சட்டத்தின் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் இவ்விளக்கு கட்டாயமாயிற்று. குதிரை லாடம் போன்ற வளைவுக்குள் வியப்புக் குறி. அது டயரின் குறுக்குவெட்டுத் தோற்றம். காற்றழுத்தம் பரிந்துரைத்த அளவினும் கால்பங்கு குறைந்தால் எரியும். மார்கழி விடியலில் எரிந்து, வெயில் ஏறியதும் அணைந்தால் பேய் வேலை என்று அஞ்ச வேண்டாம். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் டயரின் அழுத்தம் சுமார் 0.1 பார் குறையும். வாயு விதிகளைப் படித்த மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். எல்லையை ஒட்டி நிற்கும் டயருக்குக் காற்றடிக்க வேண்டியதுதான். இவ்விளக்கு தொடக்கத்தில் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், டயரில் குறை இல்லை, அளக்கும் அமைப்பே பழுதாகிவிட்டது என்று பொருள். "என்னை நம்பாதே" என்று சொல்லத் தெரிந்த விளக்கு!

இருந்தும் இருள் முழுவதும் விலகிவிடவில்லை. பழைய கார்களை விற்போரில் சிலர் காற்றுப்பை விளக்கின் இணைப்பை வேறொரு விளக்கோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையுமாறு செய்துவிடுவதுண்டு. அதைவிடப் பெரிய அளவில் நடந்தது 2015 செப்டம்பரில் வெளியானது. ஃபோக்ஸ்வாகனின் டீசல் கார்கள் சோதனைச் சாலையில் ஒருவிதமாகவும் ஊர்ச்சாலையில் வேறுவிதமாகவும் இயங்கும்படி கணிப்பியின் நிரலில் ஏமாற்று வேலை செய்யப்பட்டிருந்தது. சாலையில் அவை அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டன. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்கள். அத்தனை ஆண்டுகளும் அந்த மஞ்சள் விளக்கு இதைப் பற்றி மூச்சு விடவில்லை. விளக்கை ஏற்ற வேண்டிய கணிப்பிதான் ஏமாற்றும் கணிப்பியாகவும் இருந்தது.

இப்போது பல்பும் போய்விட்டது. பலகை முழுவதும் ஒரே திரை; விளக்கு என்பது திரையில் வரையப்படும் சில புள்ளிகள். பல்பு பீஸ் போகும் தொல்லை இல்லை என்று எண்ணியிருந்தோம். 2024 ஜனவரி இறுதியில் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் ஏறக்குறைய 22 லட்சம் கார்களைத் திருத்த வேண்டி வந்தது. பிரேக் முதலிய எச்சரிக்கைச் சொற்கள் திரையில் சட்டம் கேட்கும் 3.2 மில்லிமீட்டர் உயரத்திற்குக் குறைவாக இருந்தன என்பதே குற்றம். ஒரு கார்கூடப் பட்டறைக்கு வரவேண்டியிருக்கவில்லை. காற்றலை வழியே புதிய நிரலை அனுப்பி எழுத்துகளைப் பெரிதாக்கினார்கள்.

எங்கள் மாமா இப்போது வேறு கார் வைத்திருக்கிறார். சாவியைத் திருப்பியதும் முடுக்காமல் சில நொடி நிறுத்தி, விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று விரலால் ஒவ்வொன்றாகச் சுட்டிப் பார்ப்பார். பின்னாலிருக்கும் பேரப் பிள்ளைகள், "தாத்தா, போகலாம்" என்று அவசரப்படுத்துவார்கள். அன்று எந்திரத்தைப் பிரித்துச் சீர்செய்ய அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. புதிய பல்புக்கு மட்டும் அந்த மெக்கானிக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.